அண்மையில் நீங்கள் முடித்த விளையாட்டு எது?

கேள்வி:
நண்பர்களே, 2019-இல் வெளியான அவுட்டர் வைல்ட்ஸ் விளையாட்டை நேற்றிரவு முடித்தேன். 22 நிமிடங்களுக்கு ஒருமுறை சூரியன் வெடித்துச் சிதற, மீண்டும் அதே நெருப்பின் அருகே கண்விழிக்கும்போது, ஆயுதமோ புதிய திறனோ நமக்குச் சேர்வதில்லை. முந்தைய சுற்றில் அறிந்துகொண்டது மட்டுமே மிஞ்சுகிறது. அந்தத் துணிச்சலான வடிவமைப்பு என்னை ஆட்கொண்டுவிட்டது. நீங்கள் எதை முடித்தீர்கள்?

பதில் 1:
வெண்பா. டொராண்டோவைச் சேர்ந்த விசை கேம்ஸ் 2023-இல் வெளியிட்டது; 1980-களில் கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பத்தின் கதை. கதைநாயகி வெண்பா தன் அம்மாவின் கிழிந்த சமையல் குறிப்பேட்டைப் பார்த்து, ஒரு தட்டின் குழிக்கு நேர்மேலே மற்றொன்றின் குழி வராதபடி இட்லித் தட்டுகளை அடுக்கும் இடத்தில், எங்கள் வீட்டு அடுப்படியே கண்முன் வந்து நின்றது. ஆனால் ஓரிரு மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. மகன் விலகிச் செல்லும் ஆண்டுகளை இன்னும் நிதானமாகச் சொல்லியிருக்கலாம்.

பதில் 2:
அண்ணா, அந்தச் சுருக்கம் எனக்குக் குறையாகப் படவில்லை. வளர்ந்த மகன் கவின் தானே அக்குறிப்பேட்டை வைத்துச் சமைக்கும் கட்டத்தில், இடையில் விடுபட்ட ஆண்டுகளின் கனம் முழுவதையும் நான் உணர்ந்தேன். அவுட்டர் வைல்ட்ஸை இந்த வார இறுதியில் தொடங்குகிறேன். தயவுசெய்து முடிவை மட்டும் யாரும் சொல்லிவிடாதீர்கள்.