விண்டோஸ் 11 ஹோமிலிருந்து ப்ரோவுக்கு மாறலாமா? அவசரம்

அரைத்தூக்கம்:
வணக்கம். லேப்டாப்பில் ஹோம் எடிஷன். ரிமோட் டெஸ்க்டாப் (ஒரு கணினியை இன்னொன்றிலிருந்து இயக்கும் வசதி) கனெக்ட் ஆக மாட்டேன் என்கிறது. ப்ரோ வாங்கினால் சரியாகுமா? ஃபைல்கள் போய்விடுமா? இன்றைக்கே முடிவெடுக்க வேண்டும்.

பனைநிழல்:
எதிலிருந்து எதற்கு? இந்த லேப்டாப்பிலிருந்து வேறு கணினிக்கா, அங்கிருந்து இதற்கா? என்ன எர்ரர் வருகிறது?

எட்டாம்நம்பர்:
யோசிக்காமல் மாறுங்கள். ப்ரோ நல்ல வேகம், நான் பார்த்த வரைக்கும்.

கறார்பேர்வழி:
வேகமாவது ஒன்றாவது! இரண்டும் ஒரே விண்டோஸ்தான். ப்ரோவில் கணினிக்கு விதிகள் போடும் குரூப் பாலிசி, கணினிக்குள்ளேயே இன்னொரு கணினியை ஓட்டும் ஹைப்பர்-வி, டிஸ்க்கை என்க்ரிப்ட் செய்து பூட்டும் பிட்லாக்கர், வெளியிலிருந்து ரிமோட்டில் உள்ளே வரும் வசதி எல்லாம் கூடுதல், அவ்வளவே. இதை எத்தனை முறைதான் எழுதுவது, தேடிப் பார்க்கிற பழக்கமே ஒருவருக்கும் இல்லை. ஃபைல்கள் போகாது. செட்டிங்ஸ், சிஸ்டம், ஆக்டிவேஷன் போய் ப்ராடக்ட் கீயை மாற்றினால் ரீஸ்டார்ட் ஆகி ப்ரோவாக வந்து நிற்கும். திரும்ப ஹோமுக்கு வரத்தான் புதிதாக இன்ஸ்டால் செய்ய வேண்டும்.

சுண்டெலி:
பிட்லாக்கர் ஹோமில் இல்லவே இல்லை என்பது போல எழுதாதீர்கள். 'டிவைஸ் என்க்ரிப்ஷன்' என்ற பெயரில் அதே சரக்கு பல ஹோம் லேப்டாப்களில் ஓடிக்கொண்டிருக்கிறது. பூட்டைத் திறக்கும் ரெக்கவரி கீ மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டில் இருக்கும். பலருக்கு அது ஆன் ஆகியிருப்பதே தெரியாது.

கறார்பேர்வழி:
அதை வைத்து பென் டிரைவைப் பூட்டிக் காட்டுங்கள், பார்க்கலாம். விண்டோஸ் தொடங்கும் முன்னாலேயே பின் நம்பர் கேட்க வைக்க முடியுமா?

சுண்டெலி:
லேப்டாப் திருடு போனால் எவனும் படிக்கக் கூடாது, சாதாரண ஆளுக்கு அது போதும். எல்லோரும் ராணுவ ரகசியமா வைத்திருக்கிறோம்?

பனைநிழல்:
ஐயா, கேட்டவர் ரிமோட் டெஸ்க்டாப்பைக் கேட்டார்.

அரைத்தூக்கம்:
லேப்டாப்பிலிருந்து ஆபீஸ் கணினிக்கு. அங்கே ப்ரோ. "கனெக்ட் செய்ய முடியவில்லை" என்று மட்டும் வருகிறது. நேற்று வரை நன்றாக இருந்தது.

பனைநிழல்:
அப்படியானால் கீ வாங்காதீர்கள். எந்தக் கணினிக்குள் நுழைகிறோமோ அதில்தான் ப்ரோ வேண்டும், நுழைகிற பக்கம் ஹோமே போதும். நேற்று வரை வந்தது என்றால் எடிஷனுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. ஆபீஸ் கணினி ஸ்லீப்புக்குப் போயிருக்கிறதா? ஆபீஸ் நெட்வொர்க்குக்குள் நுழைய விபிஎன் வைத்திருந்தால் அது ஓடுகிறதா? அங்கே ரிமோட் டெஸ்க்டாப் இன்னும் ஆனில்தான் இருக்கிறதா? யாரையாவது போய்ப் பார்க்கச் சொல்லுங்கள்.

எட்டாம்நம்பர்:
இருந்தாலும் ப்ரோ இருப்பது நல்லதுதானே?

கறார்பேர்வழி:
எதற்கு? ஒரு காரணம் சொல்லுங்கள்.

அரைத்தூக்கம்:
ஸ்லீப்தான். எழுப்பிவிட்டார்கள், வந்துவிட்டது. நன்றி.

சுண்டெலி:
சரி, அந்தப் பின் நம்பர் விஷயத்துக்கு வருவோம்.