பிளாக்குகளை (கட்டளைத் துண்டுகளை) இழுத்து அடுக்கி நிரல் எழுதும் ஸ்க்ராட்ச் போன்ற பிளாக் மொழியில் சொந்த நிரல் சேர்த்தவர்களே, மறக்க முடியாத அந்த ஒரு சம்பவம் எது?

பழைய_பூனை

ஸ்க்ராட்ச் எக்ஸ்டென்ஷன் (புதிய பிளாக்குகளைத் தரும் கூடுதல் நிரல்) எழுதுகிறவர்களிடம் இதைச் சொல்லியே ஆக வேண்டும் என்று ரொம்ப நாளாக மனதில் கிடக்கிறது. ஒரு மாணவி டர்போவார்ப்பில் (ஸ்க்ராட்சின் மாற்று வடிவம்) விளையாட்டு ஒன்று செய்திருந்தாள். அதில் யாரோ எழுதிப் பொதுவில் போட்டிருந்த எக்ஸ்டென்ஷன் ஒன்றை முகவரி கொடுத்துச் சேர்த்திருந்தாள், முதல் நாள் வரை அருமையாக ஓடியது. மறுநாள் எல்லோருக்கும் காட்டுவதற்காகத் திறக்கிறாள், முக்கியமான ஸ்ப்ரைட்டின் (திரையில் நகரும் உருவத்தின்) நிரல் பகுதியில் பாதியைக் காணோம். "நான் எதையும் அழிக்கவே இல்லை" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள், பக்கத்தில் இருந்த யாரும் நம்பவில்லை. அதுதான் என்னால் மறக்க முடியாதது.

ப்ராஜெக்டைச் சேமிக்கும் எஸ்பி3 கோப்பு என்பது ஜிப் கோப்புதான் என்பது உங்களுக்குத் தெரியும். உள்ளே இருக்கும் ஜேசனை (ப்ராஜெக்டின் விவரங்கள் எழுத்தாக இருக்கும் கோப்பு) திறந்து பார்த்தேன். பிளாக்கின் மேல் நாம் படிக்கிற வாக்கியம் அங்கே இருக்காது. எக்ஸ்டென்ஷனின் ஐடி, ஒரு அடிக்கோடு, அப்புறம் ஓப்கோட் (பிளாக்கின் உள்பெயர்), அவ்வளவுதான். பேனாவின் 'எல்லாவற்றையும் அழி' அங்கே 'பென்_கிளியர்' என்று இருப்பது மாதிரி. எக்ஸ்டென்ஷனை எழுதியவர் புதுப்பிக்கும்போது ஓப்கோடை இன்னும் அழகான பெயராக மாற்றிவிட்டார், மேலே தெரியும் வாக்கியத்தை அப்படியே விட்டுவிட்டார். ப்ராஜெக்ட் கோப்புக்குள் எக்ஸ்டென்ஷனின் முகவரி மட்டும்தான் இருக்கிறது, நிரல் இல்லை. திறக்கும்போதெல்லாம் அந்த முகவரியில் அன்றைக்கு என்ன இருக்கிறதோ அதுதான் வரும். பழைய பெயரைத் தேடிப் புதிய பெயரை மாற்றிப் போட்டு, மறுபடியும் ஜிப் செய்து கொடுத்தேன், எல்லா பிளாக்கும் வந்துவிட்டன. ஆனால் காட்ட வேண்டிய நேரம் அதற்குள் போய்விட்டது.

அடைப்புக்குறி

நான் பிளாக்லி (பிளாக் கருவிகள் கட்ட உதவும் நிரல் நூலகம்) பக்கம். எங்கள் கருவியில் இரண்டு எண்களைக் கூட்டித் தரும் பிளாக் ஒன்றைச் சக ஊழியர் சேர்த்திருந்தார். ஒரு பையன் அதில் 3, 4 போட்டு, அதை அப்படியே எடுத்துப் பெருக்கல் பிளாக்குக்குள் வைத்து, மறுபக்கம் 2 போட்டான். 14 வர வேண்டும், 11 வந்தது. "கம்ப்யூட்டருக்குக் கணக்குத் தெரியவில்லை" என்றான். பெரியவர்கள் எல்லோரும் அவன் எங்கோ தப்பாக வைத்திருக்கிறான் என்று அவன் திரையில்தான் தேடினார்கள்.

உருவான ஜாவாஸ்க்ரிப்டைத் திறந்து பார்த்தால் 3 + 4 * 2 என்று நிற்கிறது. மதிப்பைத் திருப்பித் தரும் பிளாக் என்றால் ஜெனரேட்டர் (பிளாக்கை நிரலாக மாற்றும் பகுதி) இரண்டு விஷயங்களைத் தர வேண்டும், நிரல் ஒன்று, எந்தக் கணக்கை முதலில் செய்வது என்று சொல்லும் அதன் முன்னுரிமை ஒன்று. இந்த பிளாக்குக்கு அந்த முன்னுரிமையில் 'ஆர்டர் அட்டாமிக்' என்று போட்டிருந்தது. அப்படிப் போட்டால் 'இதை உடைக்க முடியாது, அடைப்புக்குறி தேவையில்லை' என்று அர்த்தம். பெருக்கல் பிளாக் அதை நம்பிவிட்டது. கூட்டலுக்கு உரிய முன்னுரிமையைக் கொடுத்திருந்தால் பிளாக்லியே அடைப்புக்குறி போட்டிருக்கும். திரையில் ஒரு பிளாக் இன்னொன்றின் வயிற்றுக்குள் உட்கார்ந்திருக்கிறது, அதைவிடத் தெளிவாக அந்தப் பையன் வேறு எப்படிச் சொல்ல முடியும்? அவன் சொன்னது சரி.

நள்ளிரவு_டீபக்

@பழைய_பூனை உங்கள் கதையில் எக்ஸ்டென்ஷன் எழுதியவரை மட்டும் குறை சொல்வதை நான் ஏற்க மாட்டேன். வெளியே ஓர் இடத்தில் இருக்கும் கோப்பை நம்பி ப்ராஜெக்ட் செய்தால், அந்தக் கோப்பு ஒரு நாள் மாறத்தான் செய்யும், அல்லது காணாமலே போகும். 2020 டிசம்பர் 31-உடன் ஸ்க்ராட்ச் 2 ஓடிய ஃப்ளாஷ் மேடைக்கு ஆதரவு நின்றபோது அந்தக் காலத்து எக்ஸ்டென்ஷன்களுக்கு என்ன ஆயிற்று என்று நினைத்துப் பாருங்கள். யாரும் ஓப்கோடை மாற்றவில்லை, மேடையே போய்விட்டது.

என் சம்பவம் சின்னது. டர்போவார்ப்பில் புள்ளிகளைக் கூட்டும் பிளாக். கட்டத்தில் 10, 5 என்று தட்டினால் 15 வருகிறது. 'கேள்' பிளாக்கில் 5 என்று பதில் சொல்லி, அந்த 'பதில்' பிளாக்கை உள்ளே இழுத்துப் போட்டால் 105 வருகிறது. அந்த 105-ஐப் பார்த்து ஒரு வகுப்பே கைதட்டியது, அவ்வளவு புள்ளி எடுத்துவிட்டோம் என்று. கட்டத்தில் தட்டியது எண்ணாகவே உள்ளே போகிறது, 'பதில்' எழுத்துச் சரமாகப் போகிறது, ஜாவாஸ்க்ரிப்ட் இரண்டையும் ஒட்டிவிடுகிறது.

இப்போது முக்கியமான விஷயம், யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும் சொல்கிறேன். ஆர்க்யுமென்டின் (பிளாக்குக்குள் கொடுக்கும் மதிப்பின்) வகை 'நம்பர்' என்று அறிவித்திருந்தாலும் அதை நம்பாதீர்கள். அந்த அறிவிப்பு விசைப்பலகையில் எதைத் தட்டலாம் என்பதைத்தான் கட்டுப்படுத்துகிறது, உள்ளே இழுத்துப் போடும் பிளாக்கை அது தடுக்காது. ஒவ்வோர் ஆர்க்யுமென்டையும் எடுத்த உடனே மாற்றிக்கொள்ளுங்கள், ஸ்க்ராட்சுக்கு உள்ளேயே 'காஸ்ட்' என்று ஒரு வகை மாற்றி இருக்கிறது, டர்போவார்ப் அதை எக்ஸ்டென்ஷன்களுக்கும் திறந்து வைத்திருக்கிறது. அதையே பயன்படுத்துங்கள், நீங்களாக ஒரு மாற்றி எழுதாதீர்கள், ஏனென்றால் 'ஆப்பிள்' என்று எழுதியதை எண்ணாக்கினால் ஸ்க்ராட்சில் பூஜ்யம் வரும், சாதாரண ஜாவாஸ்க்ரிப்டில் 'நான்' (NaN, 'எண் அல்ல' என்று அர்த்தம்) வரும், குழந்தைக்கு அந்த 'நான்' புரியவே புரியாது. அதே மாதிரி, பட்டியலையோ ஆப்ஜெக்டையோ நேரடியாகத் திருப்பித் தராதீர்கள். ஸ்க்ராட்ச் மாறியில் எண், எழுத்து, உண்மை/பொய் இவைதான் ஒழுங்காக நிற்கும், மற்றதை ஜேசன் எழுத்தாக்கித் தாருங்கள். அப்புறம், பிளாக்குக்குப் பெயர் வைக்கும்போது...  சரி, அது தனி இழையே போடலாம்.

ஸ்னாப்_ரசிகை

எல்லோரும் முதல் வேலையாக எக்ஸ்டென்ஷனுக்கு ஏன் ஓடுகிறீர்கள் என்றுதான் எனக்குப் புரியவில்லை. பிஒய்ஓபி என்ற பெயரில் இருந்து, பின்னால் ஸ்னாப் ஆன மொழியின் அடிப்படையே 'உன் பிளாக்கை நீயே கட்டு' என்பதுதான். மதிப்பைத் திருப்பித் தரும் பிளாக், தன்னையே அழைக்கும் பிளாக், பட்டியலுக்குள் பட்டியல், எல்லாம் பிளாக்கிலேயே செய்யலாம், வலது கிளிக் செய்து உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் பார்க்கலாம். மேலே சொன்ன 11, 105 இரண்டும் உள்ளே பார்க்க முடியாத பிளாக்கால் வந்தவை.

எனக்கு நடந்தது: ஒரு பயிலரங்கில் கொடுத்த ப்ராஜெக்டில் ஜாவாஸ்க்ரிப்ட் ஃபங்ஷன் பிளாக் ஒன்றே ஒன்று இருந்தது, தயாரித்தவரின் கணினியில் ஓடியது. அறையில் எல்லோரும் ஒரே நேரத்தில் பச்சைக் கொடியைச் சொடுக்கினார்கள், எல்லாத் திரையிலும் ஒரே பிழைச் செய்தி, ஜாவாஸ்க்ரிப்ட் எக்ஸ்டென்ஷன்கள் அணைக்கப்பட்டிருக்கின்றன என்று. ஸ்னாப்பில் அது இயல்பாகவே அணைந்துதான் இருக்கும், அமைப்புகளில் போய் அவரவர்தான் இயக்க வேண்டும், ப்ராஜெக்டோடு கூடவே வராது. பிறர் கொடுத்த ப்ராஜெக்ட் நம் உலாவியில் எதை வேண்டுமானாலும் ஓட்டக் கூடாது என்பதற்காகத்தான் அப்படி வைத்திருக்கிறார்கள், எனக்கு அதில் முழுச் சம்மதம். ஆனால் அந்த அறையில் அத்தனை பேரும் தாங்கள் ஏதோ கெடுத்துவிட்டதாக நினைத்துக் கையை விசைப்பலகையிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

நள்ளிரவு_டீபக்

@ஸ்னாப்_ரசிகை ஸ்னாப்புக்குச் சரி. ஸ்க்ராட்சின் 'என் பிளாக்குகள்' மதிப்பைத் திருப்பித் தராது, விடையை ஒரு மாறியில் போட்டுவிட்டு அப்புறம் எடுக்க வேண்டும், இரண்டு ஸ்கிரிப்ட் ஒரே நேரத்தில் அழைத்தால் அந்த மாறி ஒன்றையொன்று மிதிக்கும். சீரியல் போர்ட்டையோ சென்சாரையோ பிளாக்கால் மட்டும் தொடவும் முடியாது, எங்கோ ஓரிடத்தில் யாராவது நிரல் எழுதித்தான் ஆக வேண்டும். '11' வந்தது மூடிய பிளாக்கால் இல்லை, ஜெனரேட்டரைச் சோதிக்காததால். ஒரு கூட்டலைப் பெருக்கலுக்குள் வைத்துப் பார்த்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

சிறுபலகை

நான் மேக்கோட் பக்கம், மைக்ரோபிட் என்ற சிறு கணினிப் பலகைக்குப் பிளாக்கால் நிரல் எழுதும் கருவி. ஒரு குழு எழுதிய எக்ஸ்டென்ஷனில் புதிதாகச் சேர்ந்த ஒருவர், நல்ல நோக்கத்தோடுதான், கோப்பைச் சுத்தம் செய்தார். தேவையில்லாத கமென்ட்கள் (நிரலில் எழுதும் குறிப்பு வரிகள்) எல்லாம் நீக்கம். டைப்ஸ்க்ரிப்ட் பிழையில்லாமல் கம்பைல் ஆகிறது, சோதனைகள் எல்லாம் பச்சை. பிளாக் பக்கம் போனால் பெட்டியில் அந்தப் பிரிவே இல்லை.

மேக்கோடில் சாய்கோடு இரண்டும் ஒரு சதவீதக் குறியும் சேர்ந்த வரிதான் பிளாக்கே. பிளாக்கின் வாக்கியம், நிறம், வரிசை எல்லாம் அந்தக் கமென்டில்தான் இருக்கிறது. அதை எடுத்துவிட்டால் ஃபங்ஷன் இருக்கும், பிளாக் இருக்காது. ஜாவாஸ்க்ரிப்ட் பக்கத்தில் அந்த ஃபங்ஷனை அழைத்திருந்த ப்ராஜெக்டுகளில் பிளாக் பக்கம் மாறியதும் ஒரு சாம்பல் கட்டம் வந்து நின்றது, தொட்டால் உள்ளே திருத்த முடியாது, வெறும் எழுத்து. ஓர் ஆசிரியர் அனுப்பிய படத்தில், வண்ண வண்ண பிளாக்குகளுக்கு நடுவே அந்தச் சாம்பல் கட்டம் மட்டும் நிற்கிறது. இன்றைக்கும் யாராவது 'கமென்ட் தானே' என்றால் எனக்கு அந்தப் படம்தான் ஞாபகம் வருகிறது.

பழைய_பூனை

@நள்ளிரவு_டீபக் நீங்கள் சொல்வது பெரியவர்களுக்குப் பொருந்தும். முகவரி கொடுத்துச் சேர்ப்பதற்கும் கோப்பையே சேர்ப்பதற்கும் என்ன வித்தியாசம் என்று அந்த மாணவிக்கு எங்கே சொல்லியிருக்கிறது? பொறுப்பு எழுதியவருடையதுதான். பழைய ஓப்கோடை எக்ஸ்டென்ஷனில் அப்படியே வைத்து, 'ஹைட்ஃப்ரம்பேலட்' என்ற ஒரு வரியைச் சேர்த்தால் போதும், பெட்டியில் தெரியாது, பழைய ப்ராஜெக்டில் வேலை செய்யும். அவருக்கு இதை எழுதினேன், சேர்த்துவிட்டார், அதற்காக நன்றியும் சொன்னார்.

கைபேசி_கம்மியர்

ஆப் இன்வென்டர் (பிளாக்கால் கைபேசிச் செயலி செய்யும் கருவி) ஆட்கள் யாரும் பேசவில்லையே. எக்ஸ்டென்ஷன் ஜாவாவில், ஏஐஎக்ஸ் கோப்பாக, உங்களுக்குத் தெரிந்ததுதான். இணையத்திலிருந்து தரவு எடுத்து முடிந்ததும் ஓர் ஈவென்ட் (நிகழ்வு அறிவிப்பு) எழுப்பும் எக்ஸ்டென்ஷன் ஒன்றை ஒருவர் பயன்படுத்தினார். அந்த ஈவென்டுக்குள் அவர் வைத்திருந்தது ஒரே ஒரு பிளாக்: லேபிளின் எழுத்தை மாற்று. ஓட்டினால், வியூக்களை (திரை உறுப்புகளை) உருவாக்கிய த்ரெட் (நிரலின் தனி ஓட்டம்) மட்டும்தான் அவற்றைத் தொடலாம் என்று ஆண்ட்ராய்டின் பிழைச் செய்தி. அவர் என்னிடம் கேட்ட கேள்வி, "த்ரெட் பிளாக் எந்தப் பிரிவில் இருக்கிறது?"

அப்படி ஒரு பிளாக்கே கிடையாது. பின்னணி த்ரெட்டில் வேலை முடிந்ததும் அங்கிருந்தே ஈவென்டை எழுப்பிவிட்டது அந்த எக்ஸ்டென்ஷன், முதன்மை த்ரெட்டுக்கு மாறி வந்து எழுப்பியிருக்க வேண்டும், ஒரு வரி வேலை. அவர் தன் பிளாக்குகளை எல்லாம் கலைத்து மறுபடி மறுபடி அடுக்கிப் பார்த்திருக்கிறார், இல்லாத ஒன்றைத் தேடி எல்லாப் பிரிவையும் திறந்திருக்கிறார். கூடவே ஒன்று: ஆப் இன்வென்டரில் பட்டியல் 1-இலிருந்து எண்ணப்படும், ஜாவாவில் 0-இலிருந்து. வரிசை எண்ணை வாங்கும் பிளாக் எழுதினால் அந்த ஒன்றை உள்ளேயே கழித்துவிடுங்கள், பயன்படுத்துகிறவர் தலையில் கட்டாதீர்கள்.

மஞ்சள்_ஒளி

எல்லாவற்றையும் படித்தேன், என்னுடையதையும் போடுகிறேன். ஸ்க்ராட்ச் எக்ஸ்டென்ஷன் பிளாக் ஒரு ப்ராமிஸை (பதில் பிறகு வரும் என்ற வாக்கு) திருப்பித் தந்தால், அது முடியும் வரை அந்த ஸ்கிரிப்ட் நிற்கும், ஸ்கிரிப்டைச் சுற்றி மஞ்சள் ஒளி எரிந்துகொண்டே இருக்கும். வெளிச் சென்சாரின் மதிப்பைப் படிக்கும் பிளாக் அது. சென்சாரின் கம்பி கழன்றிருந்தது. பதில் வராது, அதனால் ப்ராமிஸ் முடியாது, பிழைச் செய்தியும் இல்லை. ஒரு சிறுவன் அந்த ஒளியைப் பார்த்து "இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறது" என்று பொறுமையாக உட்கார்ந்திருந்தான். அறையில் மற்றவர்கள் அடுத்த பாடத்துக்குப் போய்விட்டார்கள், யாரும் அவனைக் கவனிக்கவில்லை.

@நள்ளிரவு_டீபக் சோதனை என்று நீங்கள் சொன்னதை நான் ஏற்கிறேன், ஆனால் எல்லாம் சரியாக இணைந்திருக்கும் நிலையில்தான் எல்லோரும் சோதிக்கிறோம். கம்பியைப் பிடுங்கி ஒரு தடவை, இணையத்தை அணைத்து ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள். ப்ராமிஸுக்குக் காலக்கெடு வையுங்கள், கெடு தாண்டினால் காலி எழுத்தையோ பூஜ்யத்தையோ தந்து ஸ்கிரிப்டை விட்டுவிடுங்கள், 'சென்சார் இணைந்திருக்கிறதா?' என்று ஒரு பூலியன் (உண்மை/பொய் தரும்) பிளாக்கையும் கூடவே கொடுங்கள். நான் அந்த எக்ஸ்டென்ஷனில் அதைச் சேர்த்துக் கொடுத்தேன். பூஜ்யம் உண்மையான அளவாகவும் வரக்கூடிய சென்சார்களுக்கு என்ன தருவது என்பதில்தான் எனக்கு இன்னும் தெளிவில்லை, யாராவது செய்திருந்தால் எழுதுங்கள்.

அடைப்புக்குறி

@மஞ்சள்_ஒளி நாங்கள் காலி எழுத்தைத்தான் தருகிறோம். திரையில் மதிப்பு காட்டும் பெட்டி வெறுமையாக நிற்கும்போது ஏதோ இல்லை என்று குழந்தைகளே கேட்டுவிடுகிறார்கள். ஆனால் அதைக் கணக்குக்குள் போட்டால் ஸ்க்ராட்ச் அதையும் பூஜ்யமாகத்தான் எடுத்துக்கொள்ளும், அதனால் உங்கள் பூலியன் பிளாக் கட்டாயம் வேண்டும், 'என்றால்' பிளாக்கோடு சேர்த்து ஒரு மாதிரி ப்ராஜெக்டும் போட்டுவிடுங்கள்.