பிளஸ் ஒன் பையன், வலி மாத்திரைப் பழக்கம். டி.சி. வாங்கச் சொல்கிறார்கள், வாங்கலாமா?

திருப்பூர் அம்மா:

எல்லோருக்கும் வணக்கம். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறேன். வீட்டுக்காரர் லாரி டிரைவர், மாதத்தில் 10 நாள் வீட்டில் இருந்தாலே அதிகம். ஒரே மகன், 16 வயது. பத்தாவதில் 412 எடுத்தவன்.

தீபாவளிக்கு வீடு ஒழிக்கும்போது பரணில் அவனுடைய பழைய கிரிக்கெட் பேட் உறையை எடுத்தேன். உள்ளே இரண்டு ஊசி, காலி மாத்திரை அட்டை. மருந்துக் கடையில் காட்டியதற்கு, டபென்டடால், ஆபரேஷன் ஆனவர்களுக்குக் கொடுக்கும் வலி மாத்திரை என்றார்கள். அத்தனை புழுக்கத்திலும் முழுக்கைச் சட்டையே போட்டுக்கொண்டு திரிந்தது ஏன் என்று அப்போதுதான் புரிந்தது.

அவங்க அப்பா வந்ததும் பெல்ட்டால் அடித்தார். நான் தடுக்கவில்லை. மூன்று நாள் அறையில் பூட்டி வைத்தோம். மூக்கு ஒழுகியது, ஓயாமல் கொட்டாவி, கால் கடுக்குது என்று தரையில் உருண்டான். நடிக்கிறான் என்றுதான் நினைத்தோம். நாலாம் நாள் என் சம்பளக் கவரை எடுத்துக்கொண்டு போய்விட்டு ராத்திரி வந்தான்.

31 நாள் வகுப்புக்கு வரவில்லை, டி.சி. வாங்கிக்கொள்ளுங்கள் என்கிறது பள்ளிக்கூடம். ஆஸ்பத்திரிக்குப் போனால் போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்கிறார் என் அண்ணன். முதலில் படிப்பைப் பார்ப்பதா, வைத்தியத்தைப் பார்ப்பதா? யாராவது வழி சொல்லுங்கள்.

கரூர் அப்பா:

சகோதரி, என் மகனுக்கும் இதே மாத்திரைதான். இப்போது அவனுக்கு 19. நீங்கள் எழுதிய மூன்று நாள் எங்கள் வீட்டிலும் நடந்தது. அது நடிப்பு இல்லைங்க. இது அபின் மாதிரி வேலை செய்கிற மருந்து, திடீரென்று நிறுத்தினால் உடம்பு அப்படித்தான் முறுக்கும். டாக்டர் மருந்து கொடுத்துத்தான் அதைத் தணிக்க வேண்டும். தயவுசெய்து இனி பூட்டி வைக்காதீர்கள்.

பூட்டி வைப்பதில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. நான் பட்டுத் தெரிந்துகொண்டது. ஒரு தனியார் மறுவாழ்வு இல்லத்தில் அவனை விட்டோம். 45 நாள், 60 ஆயிரம் ரூபாய். குடிக்கு அடிமையான பெரிய ஆட்களோடு ஒரே ஹாலில் படுக்க வைத்தார்கள், டாக்டர் என்று ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்த ஐந்தாம் நாள் பாத்ரூமில் உதடு நீலமாகிக் கிடந்தான். சில வாரம் நிறுத்தியதும் உடம்பின் தாங்கும் சக்தி குறைந்துவிடுகிறதாம். அது தெரியாமல் பழைய அளவையே போட்டால் மூச்சு நின்றுவிடும். 108 வண்டி சீக்கிரம் வந்ததால் பிழைத்தான். 18 வயதுக்குக் கீழே இருப்பவர்களைப் பெரியவர்களோடு வைக்கக் கூடாது, வீட்டு ஆள் ஒருவர் கூடவே தங்க வேண்டும் என்று 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்வதெல்லாம் பிறகுதான் தெரிந்தது.

அப்புறம் பெரியாஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குத்தான் போனோம். அங்கேதான் சரியானது. சரியானது என்றால் ஒரே மூச்சில் இல்லை, நடுவில் இரண்டு முறை திரும்பவும் விழுந்தான். ஊசி போட்டவன் என்பதால் எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை பி, சி மூன்றுக்கும் ரத்தப் பரிசோதனை எடுக்கச் சொல்லுங்கள். டாக்டர் எழுதிக் கொடுக்கும் மாத்திரை உங்கள் கையில் இருக்கட்டும், வேளைக்கு நீங்களே கொடுங்கள். 2025-ல் சில அரசு மருத்துவமனைகளில் 'கலங்கரை' என்று போதை மீட்பு மையங்கள் திறந்திருக்கிறார்கள். பக்கத்தில் எங்கே என்று 104 மருத்துவ உதவி எண்ணில் கேளுங்கள். 14446 போதை மீட்புக்கே உள்ள இலவச எண்.

கேஸ் பயம் வேண்டாம். கஞ்சா, ஹெராயின் பழக்கத்துக்குக் கூட, தானாகச் சிகிச்சைக்கு வருகிறவர்களுக்கு வழக்கிலிருந்து பாதுகாப்பு உண்டு. 1985 போதைப்பொருள் சட்டம், 64ஏ பிரிவு. உங்கள் அண்ணனிடமும் காட்டுங்கள்.

சிவன்மலை தாத்தா:

கிராமத்தில் தாத்தா, பாட்டி வீட்டில் ஆறு மாதம் விடுங்கள் அம்மா. கெட்ட சேர்க்கை விட்டால் எல்லாம் விட்டுப்போகும்.

கரூர் அப்பா:

ஐயா, நாங்களும் முதலில் அதைத்தான் செய்தோம். என் அம்மாவின் மோதிரம்தான் போனது. சேர்க்கை மாற வேண்டும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வைத்தியத்துக்கு அப்புறம்.

ஈரோடு டீச்சர்:

அக்கா, 18 வருடமாக அரசுப் பள்ளியில் இருக்கிறேன். நீங்களாக டி.சி. கேட்டு எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். பெற்றோர் கேட்டு வாங்கிப் போனதாகப் பதிவாகிவிடும், நடு வருடத்தில் வேறு பள்ளியில் இடம் கிடைப்பதும் கஷ்டம். மருத்துவமனைச் சீட்டின் நகலை வைத்து மருத்துவ விடுப்புக் கடிதம் கொடுங்கள், அதன் நகலில் பள்ளி முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். மறுத்தால் 14417-ல் சொல்லுங்கள், பள்ளிக்கல்வித் துறையின் உதவி எண்.

இந்த வருடம் போனாலும் போகட்டும் அக்கா. என் வகுப்பில் ஒருவன் ஒரு வருடம் விட்டு வந்து, தன்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து படித்துத் தேறினான். பள்ளிக்கூடமே பிடிக்கவில்லை என்றால் பத்தாவது மார்க்கை வைத்து ஐ.டி.ஐ. சேரலாம், தேசிய திறந்தநிலைப் பள்ளியும் இருக்கிறது.

மாத்திரை விற்றவன் யார் என்று தெரிந்தால் 10581-ல் சொல்லுங்கள், போதைப்பொருள் விற்பனை பற்றிப் புகார் சொல்லும் எண். பிள்ளைகளுக்குப் போதைப்பொருள் கொடுப்பவர்களுக்கு 7 வருடம் வரை சிறை. மகனை இப்போதே துருவிக் கேட்காதீர்கள். உடம்பு தேறட்டும், அவனே சொல்வான்.

திருப்பூர் அம்மா:

நேற்று போனோம். டோக்கன் 47. காத்திருந்த நேரமெல்லாம் அவன் என் பக்கம் திரும்பவே இல்லை. டாக்டர் அம்மா என்னை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு அவனோடு அரை மணி நேரம் பேசினார்கள். திரும்ப உள்ளே போனபோது சட்டைக் கையை மடித்துவிட்டு உட்கார்ந்திருந்தான். நானும் பார்க்கட்டும் என்றுதான் மடித்திருந்தான் போல.

அட்மிஷன் போட்டிருக்கிறார்கள், நான்தான் கூட இருக்கிறேன். அவங்க அப்பா நாக்பூரில் இருந்து போன் பண்ணி, பையனிடம் கொடு என்றார். இரண்டு பேரும் என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை.

டீச்சர், அந்த விடுப்புக் கடிதத்தில் என்ன நோய் என்று எழுத வேண்டுமா, சிகிச்சையில் இருக்கிறான் என்று மட்டும் எழுதினால் போதுமா? ஒரு மாதிரி எழுதிப் போடுங்களேன். திங்கட்கிழமை கொண்டுபோய்க் கொடுத்துவிடுகிறேன்.