ஒட்டு வீணையை ஏகாந்த வீணை என்று விற்கிறார்களா? வாங்குமுன் எப்படிக் கண்டறிவது?

கேள்வி: கோவைத் தாய்

வணக்கம். இதுவரை ஆசிரியர் வீட்டு வீணையிலேயே பயின்று வந்த என் மகளுக்குச் சொந்தமாக ஒரு வீணை வாங்க முடிவு செய்துள்ளோம். இணைய விளம்பரம் ஒன்றில், "தஞ்சாவூர் ஏகாந்த வீணை, முற்றிய பலா மரம், ஐம்பது ஆண்டுப் பழமை, தந்த வேலைப்பாடு" என்று போட்டிருக்கிறார்கள். இவ்வளவும் உள்ள வீணைக்குக் கேட்கும் விலையோ, கடையில் புதிய ஒட்டு வீணைக்குச் சொல்லும் விலையைவிடச் சற்றே கூடுதல். அதனால்தான் ஐயம் எழுகிறது. நேரில் வந்து பார்க்கலாம் என்கிறார் விற்பவர். ஆனால் முன்பணம் அனுப்பினால்தான் வேறு யாருக்கும் கொடுக்காமல் வைத்திருப்பாராம். எனக்கு வீணையைப் பற்றி அதிகம் தெரியாது. நேரில் போனால் எங்கெங்கே பார்க்க வேண்டும்?

பதில் 1: பழுதுபார்ப்பவர்

அம்மா, முன்பணம் அனுப்ப வேண்டாம். மற்றவை எல்லாம் நேரில் பார்த்த பிறகு.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். குடம் (ஒலி பெருகும் உருண்டைப் பகுதி), தண்டி (தந்திகள் ஓடும் நீண்ட பகுதி), யாளி முகம் (தண்டியின் மறுமுனையிலுள்ள விலங்கு முகம்) ஆகியவற்றைத் தனித்தனியே செய்து பொருத்துவது ஒட்டு வீணை. ஒரே மரத்துண்டிலிருந்து குடைந்து எடுப்பது ஏகாந்த வீணை. இதற்குப் பருத்த அடிமரம் தேவைப்படுவதோடு, குடையும்போது அதன் பெரும்பகுதி செதுக்குத் தூளாகப் போய்விடுவதால்தான் விலை ஏறுகிறது. எந்தெந்தப் பகுதிகள் ஒரே மரம் என்பதிலும் விற்பவர்களிடையே வேறுபாடு உண்டு. குடமும் தண்டியும் ஒன்றாக இருந்து யாளி மட்டும் தனியாகப் பொருத்தப்பட்டிருந்தாலும் ஏகாந்தம் என்றே சொல்பவர்கள் இருக்கிறார்கள். ஆகவே அந்தச் சொல்லை மட்டும் கேட்டுக்கொண்டு நிற்காமல், "எது எது ஒரே துண்டு?" என்று கேளுங்கள்.

பார்க்க வேண்டிய முதல் இடம், குடமும் தண்டியும் சேரும் கழுத்து. அங்கே வெள்ளைப் பட்டை ஓடுவதைக் காண்பீர்கள். ஒட்டு வீணையில் அது இணைப்பை மறைக்கும். ஏகாந்த வீணையிலும் அழகுக்காக அதைப் பதிப்பதுண்டு என்பதால், பட்டை இருப்பதோ இல்லாததோ எதையும் உறுதிப்படுத்தாது. பார்க்க வேண்டியது மரத்தின் ரேகைகளை. வீணையைத் திருப்பி, அடிப்புறத்தில் தண்டியின் ரேகைகளைக் கண்ணால் பின்தொடர்ந்து குடத்துக்கு வாருங்கள். ஒரே மரமாக இருந்தால் அவை வளைந்தும் விரிந்தும் குடத்துக்குள் தொடர்ந்து செல்லும். ஒட்டாக இருந்தால் ஓரிடத்தில் சட்டென முடிந்து வேறு திசையில் வேறு ரேகைகள் தொடங்கும். கைப்பேசி விளக்கைப் பக்கவாட்டிலிருந்து சாய்த்துப் பிடித்தால், மரத்தூளும் பசையும் குழைத்துப் பூசிய இடம் மெல்லிய மேடாகவோ பள்ளமாகவோ தெரிந்துவிடும். கழுத்தில் மட்டும் கெட்டியாக வண்ணம் அடித்திருந்தால் அதற்கு ஒரு காரணம் இருக்கும்.

மற்றொன்றையும் சொல்ல வேண்டும், இல்லையென்றால் நல்ல வீணையையும் ஐயப்படுவீர்கள். குடத்தின் வாயை மூடும் மேற்பலகை எந்த வீணையிலும் தனிப்பலகைதான். குடைந்த பிறகு மூடித்தானே ஆக வேண்டும்? அதன் விளிம்பில் தெரியும் இணைப்புக் கோடு மோசடி ஆகாது.

அடுத்தது மரம். வெட்டிய புதிதில் பலா மஞ்சளாக இருக்கும். ஆண்டுகள் ஆக ஆகப் பழுப்பாக முதிரும். இந்த நிறத்தைச் சாயம் கொண்டு ஒரே நாளில் கொண்டுவர முடியும் என்பதால் வெளிப்புறத்தை நம்பாதீர்கள். யாளிக்கு அருகே தண்டியில் மூடியுடன் சிறு அறை இருந்தால் அதைத் திறந்து பாருங்கள். யாளிப் பக்கம் தண்டியின் கீழே பொருத்தியிருக்கும் சுரைக்காயைத் திருகிக் கழற்றி, அது இருந்த இடத்திலும் பாருங்கள். பூச்சு படாத மரம் அங்கே தன் உண்மை நிறத்தில் இருக்கும். வெளியே கருஞ்சிவப்பும் உள்ளே பச்சை மஞ்சளுமாக இருந்தால் ஐம்பது ஆண்டு என்ற பேச்சுக்கே இடமில்லை. சுரைக்காயை வைத்து மட்டும் வயதைக் கணிக்க முடியாது. பிற்காலத்தில் அதை எடுத்துவிட்டு, காகிதக் கூழிலோ ஃபைபரிலோ செய்ததைப் பொருத்தியிருப்பார்கள். நீண்ட நாள் வாசிக்கப்பட்ட வீணையில், வலது முன்கை படியும் மேற்பலகை விளிம்பில் தேய்மானம் இருக்க வேண்டும். அங்கே புத்தம் புதிய பூச்சு மின்னினால், ஏன் பூசினீர்கள் என்று கேளுங்கள்.

சரியாக உலராத ஏகாந்த வீணை, நன்றாக உலர்ந்த ஒட்டு வீணையைவிட மோசமானது; ஓரிரு கோடைக்குள் ரேகை வழியே வெடிப்பு விடும். மாணவிக்கு நல்ல ஒட்டு வீணையே போதும் என்பது என் கருத்து.

பதில் 2: வீணை ஆசிரியை

மேலே எழுதியவர் மரத்தைப் பற்றிச் சொல்லிவிட்டார். நாதத்தையும் பாருங்கள், இயன்றால் மகளின் ஆசிரியரையே உடன் அழைத்துச் செல்லுங்கள். சாரணித் தந்தியை (முதன்மையாக வாசிக்கும் முதல் தந்தி) மீட்டி, கார்வை, அதாவது நாதத்தின் நீடிப்பு, எவ்வளவு நேரம் நிற்கிறது என்று கேட்க வேண்டும். குடம் தடிப்பாக இருந்தாலும் மரம் ஈரமாக இருந்தாலும் ஒலி பிறந்த உடனே அடங்கிவிடும். பிறகு தண்டியின்மேல் உள்ள இருபத்து நான்கு மெட்டுகளிலும் (குறுக்கே வரிசையாக இருக்கும் உலோகக் கட்டைகள்) ஒவ்வொன்றாக விரல் வைத்து வாசியுங்கள். பன்னிரண்டாம் மெட்டில் திறந்த தந்தியின் மேல் ஸ்தாயி ஒலி சரியாக வர வேண்டும்.

வரவில்லை என்றால் உடனே வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். மெட்டுகள் மெழுகின்மேல் பதிந்திருப்பவை. வெயிலில் மெழுகு இளகினால் சுருதி விலகும், மீண்டும் மேளம் கட்டினால், அதாவது மெட்டுகளை மெழுகில் சரியான இடத்தில் திரும்பப் பதித்தால், சரியாகிவிடும். தண்டி வளைந்திருப்பது அப்படியல்ல. யாளிப் பக்கத்திலிருந்து ஒரு கண்ணை மூடி நீளவாக்கில் பார்த்தாலே தெரிந்துவிடும் அந்தக் குறைக்குச் செலவு மிகுதி.

கோவைத் தாய்

இருவருக்கும் நன்றி. தந்த வேலைப்பாடு, புவிசார் குறியீடு ஆகியவை குறித்தும் யாராவது சொல்ல இயலுமா? விற்பவர் இன்று பேசும்போது, "புவிசார் குறியீடு பெற்ற வீணை" என்று புதிதாக ஒன்றைச் சேர்த்துக்கொண்டார்.

பதில் 3: சட்டம் படித்தவர்

தஞ்சாவூர் வீணைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது 2013இல். ஐம்பது ஆண்டுப் பழமையான வீணைக்கு அந்த முத்திரை எப்படி வந்தது என்று அவரிடமே கேளுங்கள்! குறியீடு என்பது குறிப்பிட்ட பகுதியில் செய்த பொருளுக்கு அந்தப் பெயரைப் பயன்படுத்தும் உரிமை. அதற்கென அனுமதி பெற்ற பயனாளர்களின் பெயர்கள் சென்னையிலுள்ள புவிசார் குறியீட்டுப் பதிவகத்தின் பதிவேட்டில் இருக்கும். புதிய வீணை வாங்கும்போது செய்தவரின் பெயரைக் கேட்டு அதில் சரிபார்க்கலாம். ஆந்திரத்திலுள்ள பொப்பிலியிலும் பலா மரத்தில் ஒரே துண்டாக அருமையான வீணைகள் செய்கிறார்கள். அவற்றைப் பொப்பிலி வீணை என்றே விற்றால் யாருக்கும் குறையில்லை. வேறிடத்தில் செய்ததைத் தஞ்சாவூர்ப் பெயரில் விற்பது 1999ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறைத்தண்டனைக்கு இடமுண்டு.

தந்தம் இன்னும் சிக்கலானது. பெரும்பாலும் அது பிளாஸ்டிக்காகவே இருக்கும். உண்மையாகவே தந்தமாக இருந்தால் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் குறுக்கே நிற்கும். பழைய பொருள் என்பதாலோ, உரிமைச் சான்று கையில் இருப்பதாலோ அதை விலைக்கு விற்க முடியாது. ஆக, விற்பவர் சொல்வது பொய்யானால் ஏமாறுவீர்கள், மெய்யானால் வழக்கில் மாட்டுவீர்கள். தந்தம் என்று சொல்லும் வீணையைத் தொடாமல் இருப்பதே நல்லது.

பதில் 4: பழுதுபார்ப்பவர்

சட்டம் படித்தவர் கேட்கச் சொன்ன கேள்வியைத் தொலைபேசியிலேயே கேட்டுவிடுங்கள் அம்மா; பயணச் செலவு மிச்சமாகலாம். வேறெங்கு வாங்கினாலும், "பலா மரம், குடமும் தண்டியும் ஒரே துண்டு" அல்லது "ஒட்டு" என்று ரசீதிலேயே எழுதிக் கையெழுத்திடச் சொல்லுங்கள். வெறுமனே "வீணை ஒன்று" என்று எழுதிக் கொடுக்கும் ரசீது, பின்னால் தகராறு வந்தால் உதவாது. புதிதாகச் செய்யச் சொல்வதாக இருந்தால், பூச்சு அடிப்பதற்கு முன் ஒருமுறை பட்டறைக்குப் போய் மரத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள். அந்த நிலையில் எந்த ஒட்டையும் மறைக்க முடியாது.