ஃபால்ஸ் சீலிங் போட்டால் பழைய ஸ்பிரிங்க்ளர் மேலேயே இருக்கலாமா?

கடைவாசல்:
வணிக வளாகத்தின் தரைத்தளத்தில் துணிக்கடை, 8 மீ × 5 மீ. ஸ்லாபுக்கு அடியில் 4 அப்ரைட் ஸ்பிரிங்க்ளர் ஹெட் (மேல்நோக்கி நிற்கும் தீயணைப்புத் தண்ணீர்முனை) இருக்கிறது. 60 செ.மீ. கீழே ஜிப்சம் சீலிங் வரப்போகிறது. "ஹெட் மேலேயே இருக்கட்டும், தண்ணி கொட்டினா சீலிங் ஊறி விழுந்துடும்" என்கிறார் இன்டீரியர்காரர். சரிதானா?

ரைசர்:
வேண்டவே வேண்டாம் சார். தண்ணீர் கொட்ட முதலில் ஹெட்டில் உள்ள கண்ணாடி பல்ப் சூட்டில் உடைய வேண்டுமே! தீயின் சூடு ஜிப்சத்துக்கு அடியிலேயே பரவி நிற்கும். மேலே இருக்கும் 68 டிகிரியில் உடையும் சிவப்பு பல்புக்கு அது போய்ச் சேர்வதற்குள் ரேக் முழுக்கப் பிடித்துவிடும்.

சீலிங் மட்டத்தில் பென்டன்ட் (கீழ்நோக்கித் தொங்கும்) ஹெட் இறக்குங்கள். இருக்கிற அப்ரைட்டையே கவிழ்த்து மாட்டக் கூடாது, அதன் டிஃப்ளெக்டர் (தண்ணீரைச் சிதறவிடும் தகடு) வேறு. கழற்றிய ஹெட்டை மறுபடி பயன்படுத்தவும் கூடாது. சீலிங்குக்கு மேலுள்ள இடைவெளி 800 மி.மீ.க்கு மேல் போனால்தான் நேஷனல் பில்டிங் கோட் அங்கேயும் ஹெட் கேட்கிறது, உங்களுக்கு 600தான். ஆனால் அங்கே மரச்சட்டம் அடித்தாலோ சரக்கு அடுக்கினாலோ கணக்கு மாறும், கன்சல்டன்டிடம் காட்டிவிடுங்கள்.

கே80:
துணிக்கடைக்கு ஒரு ஹெட்டுக்கு அதிகபட்சம் 12 ச.மீ. 40 ச.மீ.க்கு 4 போதும்: நீளவாக்கில் 4 மீ, அகலவாக்கில் 2.5 மீ இடைவெளி, சுவரிலிருந்து அதில் பாதி. ட்ரயல் ரூம் தடுப்பு சீலிங் வரை போனால் உள்ளே தனி ஹெட் கட்டாயம். பலரும் விடுவது இதைத்தான்.

தரையில் நிமிடத்துக்கு 5 மி.மீ. உயரம் தண்ணீர் வீதம் 12 ச.மீ.க்கு நிமிடத்துக்கு 60 லிட்டர். கே 80 ஹெட்டில் (கே என்பது ஹெட்டின் பாய்ச்சல் அளவெண்) அதற்கு 0.56 பார் வேண்டும். ஹெட்டுக்கு ஃப்ளெக்ஸிபிள் ஹோஸ் (வளையும் குழாய்) போட்டால் வளைவு கூடக் கூட அழுத்தம் குறையும்; டேட்டாஷீட்டில் உள்ள ஈக்விவலன்ட் லெங்த்தை (ஹோஸின் தடையை நேர்க்குழாய் நீளமாகச் சொல்லும் அளவு) சேர்த்தே ஹைட்ராலிக் கணக்குப் போடச் சொல்லுங்கள். ஹோஸின் பிராக்கெட்டை சீலிங் சட்டத்தில் இறுகப் பூட்டணும். லூசாக இருந்தால் தண்ணீர் பாயும் வேகத்தில் ஹெட் மேலே எம்பிவிடும்.

கடைவாசல்:
கன்சீல்டு ஹெட் (மூடிக்குள் மறைந்திருப்பது) போட்டு, மூடியை சீலிங் கலரில் அடிச்சுக்கலாமா?

ரைசர்:
கூடாது. மூடி ஈயப்பற்றில் நிற்பது, சூட்டில் தானாகக் கழன்று விழணும். பெயின்டோ பட்டியோ ஓரத்தை ஒட்டிவிட்டால் விழாது. கலர் வேண்டுமானால் கம்பெனியிலேயே அடித்து வாங்குங்கள். பெயின்ட் தெறித்த ஹெட்டைத் துடைத்துப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும். ரேக் உச்சிக்கும் டிஃப்ளெக்டருக்கும் குறைந்தது 500 மி.மீ. இடைவெளி விடுங்கள்.

ஜிப்சம் போர்டு மூடுவதற்கு முன்பே குழாய்க்கு 14 பார் தண்ணீர் அழுத்தத்தில் 2 மணி நேரம் டெஸ்ட் எடுங்கள். மூடிய பிறகு கசிந்தால் சீலிங்கைப் பிய்க்க வேண்டிவரும். கடைசியாக, வேலைக்காக மூடிய ஜோன் வால்வை (இந்தப் பகுதி ஸ்பிரிங்க்ளருக்குத் தண்ணீர் விடும் வால்வு) திறந்து, பில்டிங் மெயின்டனன்ஸ் ஆள் முன்னிலையில் சீல் வையுங்கள்.