மறு: நோயாளியோடு ‘சும்மா கதைக்க’ ஒரு கலைச்சொல் வேண்டும்

> ‘அரட்டை’ எல்லாருக்கும் விளங்கும். அதையே போட்டு அச்சுக்குக் குடுங்கோ.

அண்ணை, விளங்குவதுதான் சிக்கல். இது தாதியர் பயிற்சிக் கைநூல். இரத்த அழுத்தம் பார்க்க முதல், “இரவு நித்திரை வந்ததோ? வெள்ளவத்தைப் பக்கம் மழையோ?” என்று இரண்டு வார்த்தை கதைத்து நோயாளியின் பதற்றத்தைத் தணிக்கச் சொல்கிற பகுதி. அங்கே ‘அரட்டை அடிக்கவும்’ என்று எழுதினால் எந்த மேற்பார்வைத் தாதி ஒத்துக்கொள்வார்?

வெட்டிப்பேச்சு, வீண்பேச்சு, எங்கட அலட்டல் எல்லாமே ஏச்சுச் சொற்கள். வள்ளுவர் ‘பயனில சொல்லாமை’ என்று ஓர் அதிகாரமே வைத்து, 196ஆம் குறளில் பயனில்லாததைப் பாராட்டிப் பேசுபவனை ‘மக்கட் பதடி’, மனிதரில் பதர், என்கிறார். பயந்து படுத்திருப்பவரிடம் மழையைப் பற்றிக் கேட்பது பயனில்லாத சொல்லா? அம்பல், அலர் இரண்டும் காதலரைப் பற்றிய ஊர்வாய். ‘விடுப்பு’ம் அடுத்தவன் வீட்டுச் சங்கதிதான். அவை வேண்டாம். மிஞ்சுவது ‘சும்மா கதை’யும் ஐயா சொன்ன ‘முகமன் பேச்சு’ம்தான்.

ஐயா ‘சும்மை’யைக் கொண்டுவந்தது நல்லது. “கம்பலை சும்மை கலியே அழுங்கல்” நான்கும் அரவப் பொருள, அதாவது ஓசையைக் குறிப்பவை, என்று தொல்காப்பிய உரியியல் சொல்கிறது, சரி. ஆனால் ‘சும்மா’ அதிலிருந்து பிறந்தது என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. “சும்மா இரு சொல்லற” என்ற அருணகிரியாரிடம் அது பேச்சே அடங்கிய நிலை. ஓசைக்கும் ஓசையின்மைக்கும் ஒரே வேர் என்றால் இடையில் ஒரு படியாவது காட்ட வேண்டும். பம்பல் என்ற எங்கட வேடிக்கைப் பேச்சையும் கொழும்பின் பம்பலப்பிட்டியையும் முடிச்சுப்போட்டவருக்கு ஒன்று: ‘பிட்டிய’ சிங்களத்தில் திடல். அந்த ஊர்ப்பெயரை இதற்குள் இழுக்க வேண்டாம்.

தங்கச்சி கேட்டது நியாயமான கேள்வி. இரத்த அழுத்தம் பார்க்கக் கையில் பட்டியைக் கட்டியபின் நோயாளி பேசினால் அளவு ஏறிக் காட்டும். ஆகவே அடுத்த வரியிலேயே ‘சும்மா இருக்கச் சொல்லவும்’ என்று வருகிறது. ஒரே பக்கத்தில் இரண்டு ‘சும்மா’ குழப்பாதா? குழப்பாது என்பது என் எண்ணம். கதையோடு சேர்ந்தால் ஒரு பொருள், இருத்தலோடு சேர்ந்தால் வேறு பொருள். இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். தமிழ்நாட்டில் ‘கதை’ பேச்சாக அல்ல, கதைப்புத்தகக் கதையாகப் படும்தான், ஆனால் நூல் இங்கத்தைய ஆஸ்பத்திரி வாட்டுக்கு.

ஐயாவின் ‘முகமன் பேச்சு’ தூய சொல், மறுக்கவில்லை. எனக்கு அது வாசலில் விருந்தாளியை வரவேற்கிற உபசாரமாகவே கேட்கிறது. பெரும்பான்மை ‘சும்மா கதை’ என்றபடியால் நூலுக்குள் அதையும், சொல்லடைவில் இரண்டையும் போடுகிறேன். ஐயாவுக்கு உடன்பாடில்லை என்பது தெரியும்.

வெள்ளி அச்சுக்குப் போகிறது. தங்கச்சி, வகுப்பில் இரண்டையும் சொல்லிப் பார்த்து, பிள்ளைகள் எதற்கு முகம் சுளிக்கினம் என்று வியாழன் இரவுக்குள் எழுதுங்கோ.