மறு: மறு: ப்ரியாரிட்டி இன்ஹெரிடன்ஸ்: தாயமா, கொடையா, கைமாற்றா?

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

திங்கள்கிழமை இயங்குதள வகுப்பு. அதில் வரும் ‘ப்ரியாரிட்டி இன்ஹெரிடன்ஸ்’ என்பதற்குத் தமிழில் என்ன சொல் வைக்கலாம் என்று இங்கே கேட்டிருந்தேன். பாடக்குறிப்பை ஞாயிறு காலை நகலெடுக்கக் கொடுக்க வேண்டும். எனவே எனக்குப் படுவதை முழுதாக எழுதிவிடுகிறேன்.

முதலில் ப்ரியாரிட்டி, அதாவது எந்த வேலையை முன்னே ஓடவிடுவது என்று காட்டும் மதிப்பு. ‘முன்னுரிமை’யை மாற்ற வேண்டாம் என்றுதான் இன்னும் நினைக்கிறேன். அதற்குப் பதிலாகச் சொன்ன ‘முந்துமை’ அழகான சொல், சரி. ஆனால் தொல்காப்பியப் பாயிரத்தில் வரும் ‘முந்துநூல்’ காலத்தால் முற்பட்ட நூல். கெர்னலில் (இயங்குதளத்தின் கருவில்) முன்னால் வந்த இழை (த்ரெட், ஓடும் வேலை) வேறு, முன்னே விடவேண்டிய இழை வேறு. இரண்டையும் பிரித்துக் காட்டுவதுதானே பாடமே? கோவை நண்பரின் ‘முதன்மை எண்’ணுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. மாணவர்கள் பழகும் பின்டோஸ் என்ற பயிற்சி இயங்குதளத்தில் 0 முதல் 63 வரை, எண் பெரிதானால் முன்னுரிமை கூடும். லினக்ஸில் முன்னுரிமையைக் காட்டும் நைஸ் மதிப்போ −20 முதல் 19 வரை, அங்கே எண் சிறிதானால்தான் கூடும். பெயரிலேயே எண்ணைக் கொண்டுவந்தால் குழப்பத்தையும் சேர்த்துக் கொண்டுவருவோம்.

> உரிமை பிறப்போடு வருவது. கெர்னல் தருவது சலுகை. ‘முன்சலுகை’ என்க.

நல்ல வாதம். ஆனால் ரேஷன் கடை அட்டை வரை பழகிவிட்ட சொல்லை எடுத்துவிட்டு இதை வைத்தால், வகுப்பில் முதல் பத்து நிமிடம் சொல்லை விளக்குவதிலேயே போய்விடும்.

இனி இன்ஹெரிடன்ஸ். இதற்குத்தான் இந்த மடல் தொடரைத் தொடங்கினேன்.

சென்ற வாரம் ஆய்வக அலமாரிச் சாவியை வைத்து நடத்திக் காட்டினேன். சாவியோடு அலமாரியில் வேலை செய்துகொண்டிருந்த பையனுக்கு 10. அதே சாவிக்குக் காத்திருந்த பெண்ணுக்கு 50. கரும்பலகையில் வாய்பாடு எழுத ஒருவனை அழைத்து 31 கொடுத்தேன். கெர்னல் நான். காத்து நிற்காதவர்களில் யாருக்குப் பெரிய எண்ணோ அவர் மட்டும்தான் அசையலாம். அப்படியானால் 31 எழுதிக்கொண்டே இருக்கிறான், 10 கையை உயர்த்தியபடி உறைந்து நிற்கிறான், எல்லாரையும்விடப் பெரிய 50 வாசலிலேயே நிற்கிறாள். பதினாறாம் வாய்பாடு வந்தபோது கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல்: “அவங்க ஐம்பதை இவனுக்குக் குடுங்க சார். சாவியைக் குடுத்ததும் திரும்ப வாங்கிக்கலாம். கைமாத்து மாதிரி.”

ப்ரியாரிட்டி இன்ஹெரிடன்ஸை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. பூட்டு (ஒரு நேரத்தில் ஒருவர் மட்டுமே வைத்திருக்கக்கூடியது, நம் கதையில் சாவி) கையில் இருக்கும் வரைதான் உயர்வு. பூட்டை விட்ட கணமே பழைய எண்.

1997 ஜூலை 4 அன்று செவ்வாயில் இறங்கிய பாத்ஃபைண்டர் கலத்தில் நடந்ததும் இந்த அலமாரிக் கதைதான். வானிலைத் தரவைக் கையாளும் தாழ்ந்த பணியிடம் பூட்டு இருந்தது. தரவுப் பாதையை மேலாளும் உயர்ந்த பணி அதற்குக் காத்திருந்தது. இடைநிலைப் பணிகள் நடுவே புகுந்து ஓடின. உயர்ந்த பணி நேரத்துக்கு முடியாததைக் கண்ட கணினி, தன்னைத்தானே மறுதொடக்கம் செய்தது, அதுவும் பலமுறை. பொறியாளர்கள் பூமியில் இருந்த நகலில் அதே பிழையை வரவழைத்துப் பார்த்தார்கள். அந்தப் பூட்டில் இன்ஹெரிடன்ஸ் வசதி அணைந்து கிடந்தது. இங்கிருந்தே அதை இயக்கினார்கள், சிக்கல் தீர்ந்தது.

இப்போது ஐயா சொன்ன ‘தாயம்’, அதாவது வழிவழியாக வரும் உரிமை. பொருநராற்றுப்படையில் கரிகாலன் ‘தாய்வயிற்று இருந்து தாயம் எய்தி’ வந்ததை அவர் எடுத்துக்காட்டியதும், அது தாய் என்பதிலிருந்து பிறந்ததா, வடமொழி ‘தாய’விலிருந்து வந்ததா என்று திருச்சி அம்மா தொடர்ந்ததும் நான் விரும்பிப் படித்தவை. தாயாதி, தாயக்கட்டை வரை போன அந்த மடல்களைத் தனியே சேமித்தும் வைத்திருக்கிறேன். ஆனால் கரிகாலன் எய்திய தாயத்தை வேலை முடிந்ததும் திருப்பிக் கொடுக்கவில்லையே, ஐயா. ‘மரபுரிமை’க்கும் இதே குறைதான். பொருள்நோக்கு நிரலாக்கத்தில் அந்தச் சொல் ஏற்கெனவே வேறொன்றுக்கு இருப்பதால், மாணவர் இரண்டையும் ஒன்றாக்கிக்கொள்வார்.

பின்டோஸ் இதையே டொனேஷன் என்கிறது. ‘முன்னுரிமைக் கொடை’ என்றவர்கள் அங்கிருந்து வந்திருக்கிறீர்கள். கொடை என்றதும் எனக்குப் பாரி நினைவுக்கு வருகிறான். முல்லைக்குக் கொடுத்த தேர் கொடுத்ததுதான்.

> கைமாற்று கடைத்தெருச் சொல். ‘கைம்மாறு’ என்றால் குறளிலேயே இருக்கிறது.

இருக்கிறது. ஆனால் ‘கைம்மாறு வேண்டா கடப்பாடு’ என்பதில் கைம்மாறு பதிலுதவி. கைமாற்று என்பது வட்டியில்லாமல், சீட்டு எழுதாமல், சில நாளில் திரும்பும் என்ற நம்பிக்கையில் வாங்குவது. கடைத்தெருவில் பிறந்ததால்தான் அதில் இந்த நுணுக்கம் எல்லாம் இருக்கிறது. அதைத் தூய்மைக்காகத் தள்ளிவிட்டுத் தாயத்தை வைப்பது எனக்கு மனம் ஒப்பவில்லை.

கைமாற்றுக் கொடுத்தவர் கை காலியாகுமே, இங்கே 50 அப்படியேதானே இருக்கிறது என்று திருச்சி அம்மா கேட்டதற்கு: ஆம், இருக்கிறது. ஆனால் அவள் பூட்டுக்காக உறங்குகிறாள். இருந்தும் செலவழிக்க முடியாது.

இதுவரை எழுதிய ஒன்பது பேரில் ஐவர் மரபுரிமை என்கிறீர்கள். அதை மதித்து அடிக்குறிப்பில் தருகிறேன். பாடத்தில் ‘முன்னுரிமைக் கைமாற்று’ என்றே அச்சிடப் போகிறேன். நடுவில் இருப்பவன் ஓட, பெரிய எண் காத்து நிற்கும் அந்த நிலைக்குப் பெயர் ப்ரியாரிட்டி இன்வர்ஷன். அதற்கு ‘தலைகீழாக்கம்’ பொருந்தவில்லை, நடுவில் புகுந்தவனை அது காட்டவே இல்லை. இப்போதைக்கு ‘முன்னுரிமைப் பிறழ்வு’. ஞாயிறு காலை ஏழு மணிக்குள் இதைவிட நல்லது கிடைத்தால் அனுப்புங்கள்.

அன்புடன்.

—

(ஐயாவின் பதில்)

தம்பி,

பாரியை ஒப்புக்கொள்கிறேன், தாயத்தையும் விட்டுவிடுகிறேன். ஆனால் ஒன்று. ஒருவன் இருவரிடம் கைமாற்று வாங்கினால் தொகை கூடும். உங்கள் 10, இரண்டு பூட்டுகளை வைத்திருந்து, 40 ஒன்றுக்கும் 50 மற்றொன்றுக்கும் காத்திருந்தால், அவன் தொண்ணூறு ஆவதில்லை. பெரிய எண்தான் நிற்கிறது. மாணவன் கூட்டிப்பார்க்க மாட்டானா? ‘கைமாற்று’க்கு என் வாக்கு இல்லை. அடிக்குறிப்பில் ‘மரபுரிமை’யோடு ‘தற்பேறு’ என்பதையும் சேர்க்கவும். தற்காலிகப் பேறு. இரவு விளக்கமாக எழுதுகிறேன்.